ஆண்ட்ரோமெடா ஏன் படத்தில் இருப்பது போலத் தெரிவதில்லை?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு. அவள் ஆசைப்பட்டதால் 114 மி.மீ. ஆடி வைத்த தொலைநோக்கி ஒன்று வாங்கினோம். கார்த்திகைக் கூட்டம் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிந்தபோது துள்ளிக் குதித்தாள். ஆனால் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைத் தேடிப் பிடித்தபோது சாம்பல் நிறத்தில் மங்கலான ஒரு திட்டு மட்டுமே தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினால் அதுவும் காணாமல் போகிறது. கருவியில் கோளாறா? திட்டைச் சுற்றித் தெரிந்த விண்மீன்கள் அந்தக் கேலக்ஸியைச் சேர்ந்தவையா? கார்த்திகையும் விண்மீன் கூட்டம், கேலக்ஸியும் விண்மீன் கூட்டம் என்றால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? 25 லட்சம் ஒளியாண்டு என்று யார் போய் அளந்தார்கள், அது இப்போதும் அங்கே இருக்கிறதா என்று மகள் கேட்கிறாள். எட்டு அங்குலத் தொலைநோக்கி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைக்காரருக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஆடி பழுதாகவோ இடம் பெயர்ந்தோ இருந்தால் கார்த்திகை விண்மீன்கள் ஊசிமுனையாகத் தெரிந்திருக்காது. ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்திருக்கும். ஆகவே கருவி நன்றாகத்தான் இருக்கிறது. குற்றம் சொல்ல வேண்டுமானால் அதன் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வண்ணப் படத்தைச் சொல்லலாம். அந்தப் படங்கள் எல்லாம் பல நிமிடங்கள், சில நேரம் பல மணி நேரம், காமிரா ஒளியைச் சேர்த்து வைத்து எடுத்தவை. கண்ணுக்கு அப்படிச் சேர்த்து வைக்கத் தெரியாது. ஒரு நொடிக்குள்ளேயே பழைய காட்சியை விட்டுவிட்டுப் புதிதாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

கார்த்திகையில் ஏமாற்றாத கருவி ஆண்ட்ரோமெடாவில் ஏன் ஏமாற்றுகிறது என்பது நல்ல கேள்வி. விண்மீன் ஒரு புள்ளி. இருட்டில் நம் கண்ணின் பாவை அதிகபட்சம் 7 மி.மீ. அளவுக்கு விரியும். 114 மி.மீ. ஆடி அதைப்போல் 265 மடங்கு ஒளியைத் திரட்டி மீண்டும் ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெறுங்கண்ணுக்கு ஆறேழாகத் தெரியும் கார்த்திகை பல பத்தாகப் பெருகுவது இதனால்தான். கேலக்ஸியோ புள்ளியல்ல, பரப்பு. தோசை வார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி பெரிய கரண்டியால் மாவை அள்ளுகிறது. ஆனால் கூடவே கல்லையும் பெரிதாக்கிவிடுகிறது. தோசை அகலமாகுமே தவிர, தடிமன் கூடாது. ஒரு பரப்பின் பொலிவை வெறுங்கண் பார்ப்பதைவிட அதிகமாக்கிக் காட்டும் தொலைநோக்கி உலகில் இல்லை. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் இந்த விதி மாறாது.

உங்கள் கருவியின் குவிய நீளம் 900 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன், இந்த ஆடி அளவில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. 25 மி.மீ. ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 36 மடங்கு. அந்த நிலையில் ஆண்ட்ரோமெடாவின் பரப்புப் பொலிவு வெறுங்கண்ணுக்கு உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குதான். 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 90 மடங்கு பெரிதாகும். பொலிவு முப்பதில் ஒரு பங்காக இறங்கிவிடும். பெரிதாக்கினால் காணாமல் போகிறது என்று எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான். இன்னொன்றும் உண்டு. ஆண்ட்ரோமெடா வானத்தில் ஏறத்தாழ 3 டிகிரி நீளத்துக்குப் படுத்திருக்கிறது. முழுநிலவுகள் ஆறை வரிசையாக வைத்த நீளம். உங்கள் 25 மி.மீ. ஐபீஸ் ஒரே நேரத்தில் காட்டுவது ஒன்றரை டிகிரிக்கும் குறைவு. மகள் பார்த்த திட்டு கேலக்ஸியின் நடுப்பகுதி மட்டும். பெட்டியில் ‘675 மடங்கு’ என்று போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். 114 மி.மீ. ஆடிக்கு 230 மடங்குக்கு மேல் போவது வீண். கேலக்ஸிகளுக்கோ 36 மடங்கே போதும்.

கண்ணைப் பழக்குவதில்தான் மிச்சமுள்ள வேலை. இருட்டில் அரை மணி நேரம் இருந்தால்தான் விழித்திரை முழுமையாகத் தயாராகும். இடையில் ஒரே ஒரு முறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி ஆரம்பத்திலிருந்து காத்திருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச்சின் முகத்தில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்தது, திட்டை நேராகப் பார்க்காமல் கடைக்கண்ணால் பார்க்க மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் கிடையாது, சுற்றிலும்தான் இருக்கின்றன. நிறம் அறியும் செல்கள் நடுவில் இருக்கின்றன. அவற்றுக்கு நிறைய ஒளி வேண்டும். கேலக்ஸி சாம்பல் நிறமாகவே தெரிவது இதனால்தான், இனியும் அப்படித்தான் தெரியும். கடைக்கண்ணால் பார்க்கும்போது திட்டு மெல்ல நீண்டு இரண்டு பக்கமும் விரிவதை அவளே கவனிப்பாள். பக்கத்தில் உப்பிய விண்மீன் ஒன்று தென்பட்டால் அது விண்மீனல்ல. எம்32 என்னும் சிறு கேலக்ஸி, ஆண்ட்ரோமெடாவின் துணை.

இனி, சுற்றியிருக்கும் விண்மீன்கள். அவற்றில் ஒன்றுகூட ஆண்ட்ரோமெடாவைச் சேர்ந்ததல்ல. எல்லாம் நம் சொந்தக் கேலக்ஸியான பால்வீதியின் விண்மீன்கள். சில நூறு, சில ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் நடுவில் நிற்பவை. அந்தக் கேலக்ஸியின் தனி விண்மீன்கள் உங்கள் கருவிக்கு எட்டாத அளவுக்கு மங்கியவை. மகளின் எல்லாக் கேள்விகளுக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். வானத்துக்கு ஆழம் தெரியாது. பக்கத்தில் இருப்பதையும் எட்டாத தூரத்தில் இருப்பதையும் ஒரே கூரையில் ஒட்டிக் காட்டும். சேர்ந்து தெரிபவை உண்மையில் சேர்ந்திருக்கின்றனவா என்று பிரித்தறிவதுதான் எங்கள் தொழிலில் பாதி.

கார்த்திகைக்குக் கொஞ்சம் கிழக்கே ரோகிணி இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று தெரியும். அதைச் சுற்றி ‘வி’ வடிவத்தில் ஒரு கூட்டம், ஹயடீஸ் என்பார்கள். பார்த்த மாத்திரத்தில் ரோகிணிதான் அதற்குத் தலைவி என்று தோன்றும். ஹயடீஸ் 153 ஒளியாண்டில் இருக்கிறது. ரோகிணி 65 ஒளியாண்டில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் கார்த்திகையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உண்மையிலேயே ஒரு குடும்பம். ஒரே வாயு முகிலிலிருந்து பிறந்து, ஒரே திசையில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. அவை சேர்ந்தவைதாம் என்று இந்தப் பயணத்தை வைத்துத்தான் சொல்கிறோம். வயது சுமார் 10 கோடி ஆண்டுக்குக் கொஞ்சம் மேல். டைனோசர்கள் நடமாடிய காலத்தில் பிறந்தவை.

உண்மையான கூட்டம் ஒன்று கிடைத்துவிட்டால் வானியலாளருக்கு அது பெரிய கொடை. அதில் எல்லா விண்மீன்களும் ஒரே தூரத்தில் இருக்கின்றன, எல்லாமே ஒரே வயது. ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று மங்கியும் தெரிந்தால் அது தூரத்தால் வந்த வித்தியாசமல்ல, விண்மீனின் சொந்தக் குணம் என்று உறுதியாகச் சொல்லலாம். வயதையும் இதை வைத்தே கண்டுபிடிக்கிறோம். பெரிய நீல விண்மீன்கள் அவசரமாக எரிந்து முடிந்துவிடுபவை. கார்த்திகையில் நீல வெள்ளை விண்மீன்கள் இன்னும் இருக்கின்றன, ஆகவே அது இளையது. ஹயடீஸில் அவை போய்விட்டன. நான்கு விண்மீன்கள் ஆரஞ்சு நிறத்தில் ஊதிப் பெருத்து நிற்கின்றன. அதற்கு வயது 60 கோடி ஆண்டுக்கு மேல். இந்த நிற வேறுபாடு உங்கள் கருவியிலேயே தெரியும். ஒரே இரவில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி, எது மூத்தது என்று மகளிடமே கேளுங்கள். ரோகிணியைச் சாட்சிக்கு அழைத்தால் மட்டும் மதிப்பெண் குறைத்துவிடுங்கள்.

இப்படிப்பட்டவற்றைத் திறந்த கொத்துகள் என்கிறோம். பால்வீதியின் தட்டில் சில நூறு, சில ஆயிரம் விண்மீன்களோடு பிறந்து, காலப்போக்கில் கலைந்து போகிறவை. உள்ளேயே ஒன்றையொன்று இழுத்து இழுத்து, அவ்வப்போது ஒரு விண்மீன் வேகம் பெற்று வெளியேறிவிடும். இந்தத் தப்பிப்பு எவ்வளவு விரைவாக நடக்கும் என்று 1943இல் கணக்கிட்டு எழுதியவர் சுப்ரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்.

கோளக் கொத்துகள் வேறு சாதி. லட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாக நெருங்கிக் கிடக்கும். வயது 1,000 கோடி ஆண்டுக்கு மேல். பால்வீதியின் தட்டில் இல்லாமல் சுற்றிலும் எல்லாத் திசையிலும் பறக்கின்றன. 150க்கு மேல் தெரிந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தனுசு ராசி இருக்கும் பக்கமாகவே குவிந்திருப்பதை அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷேப்லி 1918இல் கவனித்தார். பால்வீதியின் நடு அங்கேதான் இருக்கிறது, சூரியன் ஓர் ஓரத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டினார். பூமியை நடுவிலிருந்து கோபர்னிக்கஸ் இறக்கினார் என்றால், சூரியனை இறக்கியவர் இவர்.

கேலக்ஸி எங்கே வேறுபடுகிறது? எண்ணிக்கையை வைத்துச் சொல்லலாம்: கார்த்திகையில் ஆயிரத்துச் சொச்சம், ஆண்ட்ரோமெடாவில் லட்சம் கோடியை ஒட்டி. ஆனால் சில ஆயிரம் விண்மீன்களே உள்ள குட்டிக் கேலக்ஸிகளும் இருக்கின்றன. ஆகவே எண்ணிக்கை சரியான கோடல்ல. கொத்தின் விண்மீன்களைக் கட்டிவைக்க அவற்றின் சொந்த ஈர்ப்பே போதும். கேலக்ஸியின் விண்மீன்கள் ஓடும் வேகத்துக்கு அது போதாது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் பெருமளவில் சூழ்ந்திருந்தால்தான் அவை சிதறாமல் நிற்கும். அதோடு, கொத்து பொதுவாக ஒரே பிரசவத்தில் பிறந்தது. கேலக்ஸியில் தலைமுறை தலைமுறையாக விண்மீன்கள் பிறந்துகொண்டே இருக்கும். ஆண்ட்ரோமெடாவுக்குள்ளேயே கார்த்திகையைப் போன்ற திறந்த கொத்துகளும் நூற்றுக்கணக்கான கோளக் கொத்துகளும் இருக்கின்றன.

இந்தக் கோட்டில் சரியாக நிற்காத ஒன்று நம் தெற்கு வானிலேயே இருக்கிறது. ஒமேகா சென்டாரி. 17,000 ஒளியாண்டு தூரம், ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள். பெயருக்குக் கோளக் கொத்து. ஆனால் அதில் பல தலைமுறை விண்மீன்கள் கலந்திருக்கின்றன. பால்வீதி என்றோ விழுங்கிய ஒரு சிறு கேலக்ஸியின் எஞ்சிய நடுப்பகுதி அது என்றுதான் இப்போது பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதன் மையத்தில் சூரியனைப்போல் 8,200 மடங்குக்குக் குறையாத எடை கொண்ட கருந்துளை இருப்பதற்கான சான்றை, அங்கே மிக விரைவாக ஓடும் ஏழு விண்மீன்களை வைத்து 2024இல் வெளியிட்டார்கள். ஆங்கிலப் புத்தகங்கள் ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் உள்ள எம்13 என்ற கோளக் கொத்தைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். லண்டனில் ஒமேகா சென்டாரி உதிப்பதே இல்லை, பாவம். உங்கள் ஊரில் தெற்கே 32 டிகிரி உயரத்துக்கு ஏறும்; மலை மறைக்காது. காவலூரில் ஆய்வகம் அமைத்ததற்குக்கூடத் தெற்கு வானம் இப்படி நன்றாகத் தெரிவது ஒரு காரணம். சித்திரை, வைகாசி இரவுகளில் திரிசங்கு என்னும் சிலுவை வடிவ விண்மீன் குழுவுக்குக் கிழக்கே ஆல்பா, பீட்டா சென்டாரி என இரண்டு பளிச்சிடும் விண்மீன்கள் இருக்கும். பீட்டாவிலிருந்து எப்சிலான் சென்டாரி வழியாக மேலே கோடு இழுத்து, அதே தூரம் இன்னும் போனால் வெறுங்கண்ணுக்கே மங்கலான பொட்டு தெரியும். கருவியை அதில் திருப்புங்கள். ஓரங்களில் மணல் தூவியது போல விண்மீன்கள் பிரிந்து தெரியத் தொடங்கும். ஆண்ட்ரோமெடா கொடுத்த ஏமாற்றத்துக்கு இதைவிட நல்ல ஈடு கிடையாது. ஆல்பா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு என்று 1689இல் தொலைநோக்கியில் முதலில் கண்டதும் நம் பக்கத்துப் புதுச்சேரியிலிருந்துதான். கண்டவர் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அதையும் உங்கள் கருவி பிரித்துக் காட்டும்.

அளந்தது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். யாரும் போகவில்லை, படிப்படியாக ஏறினார்கள். முதல் படி நேரடி அளவை. பூமி சூரியனைச் சுற்றும்போது பக்கத்து விண்மீன்கள் தொலைவில் உள்ளவற்றுக்கு எதிரே மயிரிழை அளவு இடம் மாறித் தெரியும். அந்தக் கோணத்தை அளந்தால் தூரம் வந்துவிடும். சொல்வதற்கு எளிது. ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் 1997இல் கார்த்திகைக்குக் கொடுத்த தூரம் சுமார் 385 ஒளியாண்டு. மற்ற முறைகளில் 435 வந்தது. விண்மீன்களைப் பற்றிய நம் புரிதலே தவறா, செயற்கைக்கோளின் அளவை தவறா என்று இருபது ஆண்டுகளுக்கு அருகில் சண்டை நடந்தது. 2013இல் ஏவிய காயா செயற்கைக்கோள் 440ஐ ஒட்டிச் சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. நீங்கள் பார்த்த கார்த்திகை ஒளி, மதுரையில் நாயக்கர்கள் ஆண்டபோது புறப்பட்டது.

அடுத்த படிக்கு மறுபடியும் கூட்டம்தான் கைகொடுத்தது. ஹார்வர்டில் வேலை பார்த்த ஹென்ரியேட்டா லீவிட், சிறிய மெகல்லன் முகில் என்ற அண்டைக் கேலக்ஸியின் புகைப்படத் தகடுகளில், சீராக ஒளி கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்களை ஆராய்ந்தார். மெதுவாகத் துடிப்பவை அதிகப் பொலிவாக இருந்தன. எல்லாமே ஒரே முகிலில், ஒரே தூரத்தில் இருப்பதால் இது உண்மையான உறவு என்று 1912இல் துணிந்து சொன்னார். அந்த அம்மையாரின் கண்டுபிடிப்பு இல்லாவிட்டால் அடுத்து வந்தவர்கள் யாரும் எதையும் அளந்திருக்க முடியாது. ஆனால் புகழ் பெரும்பகுதி வேறு பக்கம் போய்விட்டது. மகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர் இவருடையது. துடிப்பின் காலம் தெரிந்தால் உண்மைப் பொலிவு தெரியும். அதைக் கண்ணுக்குத் தெரியும் பொலிவோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும்.

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த தகட்டில், ஆண்ட்ரோமெடாவுக்குள் அப்படி ஒரு விண்மீனைப் பிடித்தார். 31 நாளுக்கு ஒரு துடிப்பு. தூரம் 9 லட்சம் ஒளியாண்டு என்று வந்தது. பால்வீதிக்கு வெளியே இன்னொரு கேலக்ஸி! அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் ஷேப்லியே அதை மறுத்து வாதாடியிருந்தார். 1885இல் ஆண்ட்ரோமெடாவில் ஒரு புது விண்மீன் வெறுங்கண்ணின் எல்லையைத் தொடும் அளவுக்குப் பளிச்சிட்டிருந்தது. அவ்வளவு தூரத்தில் இருந்தால் ஒற்றை விண்மீன் அப்படி ஒளிர முடியுமா என்பது அவர் தரப்பின் கேள்வி. நியாயமான கேள்விதான், விண்மீன் வெடித்துச் சிதறும் சூப்பர்நோவா என்ற ஒன்று இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது.

9 லட்சம் 25 லட்சமாக ஆன கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப் போரின்போது, மவுண்ட் வில்சனுக்கு அருகே உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விளக்கணைத்துக் கிடந்தது. அங்கே வேலை பார்த்த வானியலாளர் வால்டர் பாடெ ஜெர்மன் குடிமகன் என்பதால் போர்ப் பணிகளில் சேர்க்கப்படவில்லை. மவுண்ட் வில்சன் தொலைநோக்கி ஏறக்குறைய அவருக்கே கிடைத்தது. ஊரின் வெளிச்சம் இல்லாத அந்த இரவுகளில் ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதியை, நீங்கள் பார்த்த அதே திட்டை, தனித்தனி விண்மீன்களாக அவர் பிரித்துப் படமெடுத்தார். அங்கே இருப்பவை கோளக் கொத்துகளில் காணும் முதிய வகை, வெளித்தட்டில் இருப்பவை திறந்த கொத்துகளில் காணும் இளைய வகை என்பது புலப்பட்டது. செஃபீட்களிலும் அதேபோல் இரண்டு வகை உண்டு. அதுவரை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டிருந்தார்கள். 1952இல் பாடெ அறிவித்ததும் கேலக்ஸிகளின் தூரம் எல்லாமே இரு மடங்கானது. பிறகு வந்த திருத்தங்கள் 25 லட்சத்தில் கொண்டுவந்து நிறுத்தின. நடுப்பகுதியைப் பிரித்துக் காட்டியது ஹபிளின் அதே 100 அங்குல ஆடிதான்; மாறியது இருட்டு.

அது இப்போதும் அங்கே இருக்கிறதா? இருக்கிறது. 25 லட்சம் ஆண்டு நமக்குத்தான் பெரிது. சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். அவற்றைச் செய்த கைகள் வேலை பார்த்தபோது இந்த ஒளி வழியில் ஐந்தில் இரண்டு பங்கைக் கடந்திருந்தது. சூரியனைப் போன்ற விண்மீன் 1,000 கோடி ஆண்டு வாழும். ஆகவே நீங்கள் பார்த்த ஒளியைத் தந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்படியே எரிந்துகொண்டிருக்கும். சில பெரிய நீல விண்மீன்கள் மட்டும் இதற்குள் வெடித்துப் போயிருக்கலாம்.

எட்டு அங்குலக் கருவி உங்களுடையதைப்போல் மூன்று மடங்கு ஒளியைத் திரட்டும். கோளக் கொத்துகள் அதில் அற்புதமாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் எடை ஏறத்தாழ 20 கிலோ வரும். தெருவிளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால் ஆண்ட்ரோமெடா அதிலும் திட்டுதான். இப்போதுள்ள கருவியை ஊரைத் தாண்டி உறவினர் யாருடைய தோட்டத்துக்காவது கொண்டுபோங்கள். மேகமலைப் பக்கம் இருட்டு நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது புலிகள் காப்பகம், இரவில் அங்கே வேலை இல்லை. ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். கார்த்திகை முழுதாக அடங்குவதும், ஆண்ட்ரோமெடாவின் நீளம் தெரிவதும் அதில்தான்.

காலமும் பார்க்க வேண்டும். ஆண்ட்ரோமெடா உச்சிக்கு வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நமக்கு மழை. மழை விட்டதும், டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதிவரை, இருட்டிய உடனே வடக்கே உயரத்தில் பாருங்கள். அதன் பிறகு உங்கள் மேற்கு மலை விழுங்கிவிடும். நிலவில்லாத இரவாக இருக்க வேண்டும். கார்த்திகைக் கூட்டத்தைப் பார்க்க ஆண்டிலேயே மோசமான இரவு எது என்றால் திருக்கார்த்திகைதான். முழுநிலவு அதன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். தனுசில் எம்25 என்ற திறந்த கொத்து இருக்கிறது. அதன் நடுவில் யூ சாஜிடேரி என்ற செஃபீட் விண்மீன் இருக்கிறது. 6 நாள் 18 மணிக்கு ஒரு துடிப்பு. 1955இல் ஜான் இர்வின் இது கொத்தின் உறுப்பினர்தான் என்று எடுத்துக்காட்டினார். கொத்தின் தூரம் தெரிந்தால் செஃபீட்டின் உண்மைப் பொலிவு தெரியும் அல்லவா? கேலக்ஸிகளை அளக்கும் கோலைச் சரிபார்க்க அன்று இப்படித்தான் ஒரு பிடி கிடைத்தது. அந்த விண்மீனின் ஒளித்தர எண் 6.3க்கும் 7.1க்கும் இடையே ஏறி இறங்கும். எண் கூடினால் பொலிவு குறைவு. இந்த எண் முறைக்கு இன்றைய கணக்கை 1856இல் வகுத்த நார்மன் பாக்சன், 1861இலிருந்து முப்பது ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தில் இருந்தவர். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெடிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். மகள் செய்யப்போவதும் அதே வகை வேலைதான்.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுவதும், விடியற்காலை நாலரை மணிக்குத் தனுசு தென்கிழக்கில் நன்றாக ஏறியிருக்கும். ஸ்டெல்லேரியம் போன்ற வான்படச் செயலியில் எம்25இன் படத்தை முன்பே பார்த்து, யூ சாஜிடேரியையும் அதைச் சுற்றியுள்ள விண்மீன்களின் ஒளித்தர எண்களையும் தாளில் குறித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு விடியலிலும் எதைவிடப் பளிச்சென்று இருக்கிறது, எதைவிட மங்கல் என்று மட்டும் தேதி, நேரத்தோடு எழுதினால் போதும். மேகம் மூடிய நாட்களை அப்படியே ‘மேகம்’ என்று எழுதட்டும், ஊகித்து நிரப்பக்கூடாது. மூன்று நான்கு வாரக் குறிப்பு சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள். அதிலிருந்து துடிப்புக் காலத்தை எடுப்பது எப்படி என்று அவளுக்கே தனியாக எழுதுகிறேன்.